சர்க்கரை ஏறுகிறது, கணையம் என்ன செய்யும்?

அட்ரினல் கட்டியையும் சர்க்கரையையும் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன். ஹார்மோன் மருத்துவராக நான் பார்த்தவர்களில் என் மனம் அதிகம் வருந்தியது இவர்களுக்காகத்தான். “நீ வாயைக் கட்டவில்லை, நடக்கவில்லை” என்று எல்லோரும் இவர்களைக் கடிந்துகொள்வார்கள். இவர்களும் பாதிப் பட்டினி கிடப்பார்கள். சர்க்கரை மட்டும் இறங்காது. பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: டாக்டர், எனக்கு 36 வயது, எடை 46 கிலோ. அப்பா பக்கமும் அம்மா பக்கமும் யாருக்கும் சர்க்கரை கிடையாது. இரண்டு வருடமாக எனக்கு பிரஷர். போன வருடம் சர்க்கரையும் சேர்ந்துகொண்டது. இரண்டு வகை மாத்திரை போட்டும் மூன்று மாதச் சராசரி 8.4. அடிக்கடி திடீரென்று மண்டையைப் பிளக்கும் தலைவலி, நெஞ்சு படபடப்பு, உடம்பெல்லாம் தொப்பலாக நனையும் வியர்வை. கால் மணி நேரத்தில் அடங்கிவிடும். சர்க்கரை இறங்கிவிட்டது என்று நினைத்து என் கணவர் சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பார். ஒரு தடவை அந்த நேரத்தில் மீட்டரில் பார்த்தால் 240! பித்தப்பைக் கல்லுக்காக ஸ்கேன் எடுத்தபோது வலது அட்ரினல் சுரப்பியில் 4 செ.மீ. கட்டி இருப்பதாக வந்தது. சர்க்கரைக்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்கிறார் டாக்டர். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் கட்டி கணையத்தை எப்படிக் கெடுக்கும்?

பதில்: அந்த 240ஐ எழுதினீர்களே, அதற்கு நன்றி. உங்கள் கதையில் பாதி அந்த எண்ணிலேயே தெரிந்துவிடுகிறது.

சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் உடம்பு அட்ரினலினைச் சுரந்து அதை மேலே தூக்கப் பார்க்கும். லோ சுகரில் வருகிற வியர்வை, நடுக்கம், படபடப்பு எல்லாம் அந்த அட்ரினலினின் வேலைதான். உங்களுக்கும் அதே வகை ஹார்மோன்கள்தான் வியர்வையைக் கொண்டுவருகின்றன என்று நினைக்கிறேன். ஆனால் சர்க்கரை இறங்காமலே, யாரும் கேட்காமலே, கட்டி அவற்றை ரத்தத்தில் கொட்டுகிறது. பக்கத்தில் இருப்பவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். உங்கள் கணவரைக் குறை சொல்ல முடியாது. மீட்டர்தான் பிரித்துக் காட்டும். இனிமேல் இப்படி வந்தால் முதலில் விரலைக் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் மட்டும் சர்க்கரைத் தண்ணீர் குடியுங்கள். வீட்டில் பிரஷர் கருவி இருந்தால் அந்த நேரத்திலேயே பிரஷரையும் பார்த்து, மணியோடு எழுதி வையுங்கள். இரண்டும் சேர்ந்து எகிறியிருக்கும் ஒரு பதிவு உங்கள் டாக்டருக்குப் பெரிய உதவி.

சரி, கணையத்துக்கு வருவோம். அட்ரினல் சுரப்பி ஒவ்வொன்றும் நான்கைந்து கிராம்தான் இருக்கும். அதன் வெளிப்பகுதி கார்டிசாலையும் ஆல்டோஸ்டீரோனையும் சுரக்கிறது. உள்பகுதியின் வேலை அட்ரினலினும் நார்அட்ரினலினும். உள்பகுதியில் வளர்ந்து இவற்றை அளவில்லாமல் சுரக்கும் கட்டிக்கு ஃபியோகுரோமோசைட்டோமா என்று பெயர். தலைவலி, வியர்வை, படபடப்பு மூன்றும் சேர்ந்து விட்டுவிட்டு வருவது இதன் பழைய அடையாளம்.

கணையத்தில் இன்சுலினைத் தயாரிப்பவை பீட்டா செல்கள். அவற்றின் மேல் ஆல்ஃபா-2 என்ற ஏற்பிகள் இருக்கின்றன. அட்ரினலினோ நார்அட்ரினலினோ வந்து அதில் ஒட்டினால் பீட்டா செல்லுக்குப் பிரேக் போட்டதுபோல ஆகிவிடும். உள்ளே இன்சுலின் தயாராக இருக்கும், ஆனால் வெளியே வராது. சாப்பிட ஆரம்பித்த சில நிமிடங்களில் ஆரோக்கியமான கணையம் ஒரு வீச்சில் இன்சுலினை அனுப்பும். அந்த முதல் வீச்சுதான் முதலில் அடிபடுகிறது. ஆக, உங்கள் கணையம் கெட்டுப்போகவில்லை, கட்டிப்போடப்பட்டிருக்கிறது. இதை உங்கள் வீட்டிலும் சொல்லுங்கள்.

இன்னொரு பக்கம் கல்லீரல். அதே அட்ரினலின் அங்கே சேமித்த கிளைகோஜனை உடைத்துச் சர்க்கரையாக்குகிறது, புதிதாகவும் சர்க்கரை தயாரிக்கச் சொல்கிறது. தசைகள் சர்க்கரையை எடுத்துக்கொள்வது குறைகிறது. கொழுப்பும் கரைந்து ரத்தத்துக்கு வருகிறது. அதனால் வெளியே வந்த கொஞ்சநஞ்ச இன்சுலினும் சரியாக வேலை செய்வதில்லை. உயிருக்கு ஆபத்தென்றால் ஓடுவதற்கு உடனே சர்க்கரை வேண்டும், அந்த நேரத்தில் அதை இன்சுலின் எடுத்துப் பதுக்கிவிடக் கூடாது. உடம்பின் இந்த ஏற்பாடு சில நிமிடங்களுக்கானது. கட்டி அதை மாதக்கணக்கில் நீட்டிவிடுகிறது. இந்தக் கட்டி இருப்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குச் சர்க்கரை ஏறியிருக்கும். ஒல்லியான உடம்பு, இளம் வயது, குடும்பத்தில் யாருக்கும் இல்லை, பிரஷரும் கூடவே இருக்கிறது என்றால் என் சந்தேகம் உடனே இங்கேதான் போகும்.

கட்டி அதைத்தான் சுரக்கிறது என்று உறுதி செய்ய ரத்தத்தில் மெட்டாநெஃப்ரின், அதாவது அட்ரினலின் சிதைந்து உண்டாகும் பொருளின் அளவைப் பார்ப்பார்கள். இருபது, முப்பது நிமிடம் படுத்திருந்த பிறகு ரத்தம் எடுப்பதே நல்லது. 24 மணி நேரச் சிறுநீரிலும் பார்க்கலாம். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள் முடிவைக் குழப்பும், எதைச் சாப்பிட்டாலும் முன்பே சொல்லிவிடுங்கள்.

அதுவரை சில விஷயங்களில் பிடிவாதமாக இருங்கள். இந்தப் பரிசோதனை முடிவு வராமல் கட்டியில் ஊசி போட்டுத் திசு எடுக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். பிரஷர் உயிருக்கு ஆபத்தாகும் அளவுக்கு எகிறிவிடலாம். படபடப்புக்கு என்று புரோப்ரனலால் போன்ற பீட்டா தடுப்பு மாத்திரையை மட்டும் தனியாகப் போடக் கூடாது. ரத்தக் குழாய்களை விரிக்கும் வழி அடைபட்டு, சுருக்கும் வழி மட்டும் மிஞ்சுவதால் பிரஷர் கட்டுக்கு மீறிப் போகும். வாந்திக்குப் போடும் மெட்டோகுளோபிரமைடும், லோ சுகருக்குப் போடும் குளுக்ககான் ஊசியும் இந்தக் கட்டியைத் தூண்டிவிடக் கூடியவை. எந்த மருத்துவமனைக்குப் போனாலும், சாதாரணக் காய்ச்சலுக்கே போனாலும், “எனக்கு அட்ரினல் கட்டி இருக்கிறது, இன்னும் பரிசோதனை முடியவில்லை” என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. ஃபியோகுரோமோசைட்டோமா என்று உறுதியாகி, அடுத்த வாரம் அறுவை சிகிச்சை. காலையும் இரவும் இன்சுலின் போடுகிறார். “கட்டியை எடுத்த பிறகு சர்க்கரை திடீரென்று இறங்கலாம், ஐ.சி.யு.வில் வைத்துப் பார்ப்போம்” என்கிறார்கள். ஏறிக்கொண்டே இருந்த சர்க்கரை எப்படி ஒரே நாளில் இறங்கும்? பயமாக இருக்கிறது.

பதில்: தம்பி, முன்கூட்டியே இதைச் சொல்கிற இடத்தில் அப்பா இருக்கிறார். அது நல்ல அறிகுறி.

கட்டியின் ரத்தக் குழாய்களைக் கட்டி அதை வெளியே எடுத்ததும் அட்ரினலின் வகை ஹார்மோன்கள் மளமளவென்று குறையும். முந்தைய பதிலில் சொன்ன பிரேக் அந்தக் கணமே விடுபடும். இவ்வளவு காலம் அடக்கி வைத்திருந்த பீட்டா செல்கள் இன்சுலினை அள்ளி விடும். கல்லீரலில் கிளைகோஜன் இருப்பும் ஏற்கெனவே கரைந்திருக்கும், அதனால் இறங்கும் சர்க்கரையைத் தாங்கிப் பிடிக்க அங்கே சரக்கு இல்லை. இதோடு பழைய அளவு இன்சுலினையும் போட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

இதில் என்னை எப்போதும் கவலைப்பட வைப்பது வேறொன்று. மயக்க மருந்தின் தாக்கத்தில் இருப்பவருக்குச் சர்க்கரை இறங்கினால் சொல்லத் தெரியாது. பீட்டா தடுப்பு மாத்திரை எடுத்திருந்தால் படபடப்பும் நடுக்கமும் வெளியே தெரியாது. “கண் திறக்கவில்லையே, மயக்கம் இன்னும் தெளியவில்லை போல” என்று காத்திருக்கிற நேரத்தில் மூளைக்குச் சர்க்கரை போகாமல் இருக்கும். அதனால்தான் முதல் 24 மணி நேரம், சில சமயம் 48 மணி நேரம், அடிக்கடி விரலைக் குத்திப் பார்க்கிறார்கள். தேவைப்பட்டால் குளுக்கோஸ் டிரிப் ஏற்றுகிறார்கள். பெரும்பாலும் ஓரிரு நாளில் நிலைமை சீராகிவிடும்.

அறுவை சிகிச்சைக்கு முன்பு டாக்ஸசோசின் அல்லது ஃபினாக்ஸிபென்சமைன் என்ற ஆல்ஃபா தடுப்பு மாத்திரை கொடுத்திருப்பார்கள். வழக்கமாக 7 முதல் 14 நாள். அதன் பிறகு தேவையென்றால் பீட்டா தடுப்பு. வரிசை மாறவே கூடாது. மூக்கடைப்பும், எழுந்து நின்றால் தலைசுற்றலும் இருக்கும். அப்பா மெதுவாக எழுந்திருக்கட்டும். தண்ணீரும் உப்பும் கூடுதலாகச் சேர்க்கச் சொல்லியிருந்தால் அப்படியே செய்யுங்கள், சுருங்கிக் கிடந்த ரத்தக் குழாய்கள் விரியும்போது அவற்றை நிரப்ப அது வேண்டும். இந்த வகைக் கட்டியை 1926இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் செசார் ரூவும், அதே வருடம் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் சார்லஸ் மேயோவும் எடுத்தார்கள். அப்போது இந்த மாத்திரைகள் எதுவும் கிடையாது. இன்று அப்பாவுக்கு இருக்கும் பாதுகாப்பில் பெரும் பங்கு இந்த இரண்டு வார முன்தயாரிப்புதான்.

நீங்கள் ஒரு காரியம் செய்யுங்கள். அறுவை சிகிச்சை நடந்த இரவில் இன்சுலின் அளவை முடிவு செய்யப்போவது யார் என்று இன்றே கேளுங்கள். அறுவை சிகிச்சை நிபுணரா, மயக்க மருந்து நிபுணரா, ஹார்மோன் மருத்துவரா? ஆளுக்கொரு பக்கம் கை காட்டினால், பதில் கிடைக்கும்வரை விடாமல் கேளுங்கள். பழைய மருந்துச் சீட்டை அப்படியே தொடர யாரையும் விடாதீர்கள்.

அப்புறம், சர்க்கரை முழுக்கப் போய்விடுமா என்று கேட்பீர்கள். பலருக்கு நன்றாகக் குறைகிறது, சிலருக்கு மருந்தே வேண்டியிருப்பதில்லை. ஆனால் வயது, உடல் எடை, எத்தனை வருடமாக இருக்கிறது என்பதைப் பொறுத்துக் கொஞ்சம் தங்கிவிடவும் செய்யும். மூன்று மாதச் சராசரிப் பரிசோதனையை அவசரப்பட்டு எடுக்காதீர்கள். கட்டி இருந்த நாட்களின் சர்க்கரையும் அதில் கலந்து வரும்.

கேள்வி: நான் 52 வயது ஆசிரியை. வெறும் வயிற்றில் சர்க்கரை 98, சாப்பிட்ட பின் 230. “வெறும் வயிற்றில் சரியாக இருக்கிறதே, பயப்பட ஒன்றும் இல்லை” என்று ஒருவர் சொன்னார். ஒரு வருடமாக முகம் வட்டமாக உப்பிவிட்டது. லேசாக இடித்துக்கொண்டாலே கன்றிப்போகிறது. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழ முடியவில்லை. இடது அட்ரினலில் 2.8 செ.மீ. கட்டி இருப்பதாக ஸ்கேன் சொல்கிறது.

பதில்: நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை என்பதை ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். என்னைப் பொறுத்தவரை உங்கள் கடிதத்தில் அதுதான் தலைப்பு. சுரப்பியின் வெளிப்பகுதியிலிருந்து கார்டிசால் அளவுக்கு மீறிச் சுரந்தால் தொடைத் தசையின் புரதம் கரையும், தோல் மெலியும், முகம் வட்டமாகும். குஷிங் நோய்க்குறி என்று சொல்வோம்.

மேலே பார்த்த கட்டியில் இன்சுலின் வெளியே வர முடியாமல் தவித்தது. இங்கே ஆரம்பத்தில் நேர் எதிர். கார்டிசால் கல்லீரலைச் சர்க்கரை தயாரிக்க வைக்கிறது, தசையும் கொழுப்பும் இன்சுலினுக்குக் கட்டுப்படாமல் செய்கிறது. கணையம் விடாமல் இன்சுலினைக் கூட்டிக் கூட்டி அனுப்பிச் சமாளிக்கிறது. ரத்தத்தில் இன்சுலின் அளவு பார்த்தால் அதிகமாகவே இருக்கும். நாளாக நாளாக பீட்டா செல்கள் களைத்துப்போகும். கார்டிசால் அவற்றை நேரடியாகவும் மட்டுப்படுத்துகிறது. இரவு முழுக்கச் சாப்பிடாமல் இருக்கும்போது கணையம் எப்படியோ சமாளித்துவிடுவதால் காலையில் 98. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதன் கையை மீறிவிடுகிறது. உங்களைப் போன்றவர்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரையை மட்டும் பார்த்து ஆறுதல் சொல்வது தவறு. மதியமும் மாலையும் பார்க்க வேண்டும்.

பரிசோதனை எளிது. இரவு 11 மணிக்கு, கார்டிசால் சுரப்பை அடக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை 1 மி.கி., மறுநாள் காலை 8, 9 மணிக்குள் ரத்தத்தில் கார்டிசால். டெசிலிட்டருக்கு 1.8 மைக்ரோகிராம் அல்லது அதற்குக் கீழே அடங்கினால் கட்டி அடாவடி செய்யவில்லை என்று அர்த்தம். அடங்காவிட்டால் மேற்கொண்டு ஏ.சி.டி.ஹெச். (கார்டிசாலைச் சுரக்கச் சொல்லும் பிட்யூட்டரி ஹார்மோன்) முதலியவற்றைப் பார்ப்பார்கள். கருத்தடை மாத்திரை போன்ற ஈஸ்ட்ரோஜன் மருந்துகள் கார்டிசாலைப் பொய்யாக உயர்த்திக் காட்டும். மூட்டில் போட்ட ஸ்டீராய்டு ஊசி, தோலுக்குத் தடவும் களிம்பு, என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத வலிப் பொடி எதையும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். கட்டியே காரணமில்லாமல் இவற்றாலும் இதே முகமும் இதே சர்க்கரையும் வரும்.

கட்டியை எடுத்தால் இன்னொரு பக்கத்துச் சுரப்பி உடனே வேலைக்கு வராது, இத்தனை காலம் ஓய்ந்து கிடந்ததல்லவா. மாதக்கணக்கில், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை வேண்டும். அதை நீங்களாக நிறுத்தினால் பிரஷரும் சர்க்கரையும் ஒருசேரச் சரியும். காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்ட வேண்டும். எவ்வளவு கூட்டுவது என்று வீட்டுக்குப் போகும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: வயது 45. பிரஷருக்கு மூன்று மாத்திரை. ரத்தத்தில் பொட்டாசியம் 2.9 என்றும், சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது என்றும் சொல்கிறார்கள். பொட்டாசியத்துக்கும் சர்க்கரைக்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: உண்டு. பீட்டா செல் இன்சுலினை விடுவதே பொட்டாசியத்தை வைத்து நடக்கிற வேலை. சர்க்கரை உள்ளே வந்ததும் செல்லின் பொட்டாசியம் வாயில்கள் மூடும், செல்லின் மின்னழுத்தம் மாறும், கால்சியம் உள்ளே நுழையும், இன்சுலின் வெளியே வரும். ரத்தத்தில் பொட்டாசியம் இப்படிக் குறைந்தால் இந்த வரிசை மந்தமாகிவிடும். பொட்டாசியத்தைச் சரிசெய்தாலே இன்சுலின் சுரப்பு ஓரளவு தேறும்.

ஆல்டோஸ்டீரோனை அதிகமாகச் சுரக்கும் அட்ரினல் கட்டி பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். 1955இல் ஜெரோம் கான் விவரித்த நோய் இது. சிறுநீரைப் பெருக்கும் தயாசைடு வகை பிரஷர் மாத்திரையாலும் பொட்டாசியம் குறையும் என்பதால் உங்கள் மூன்றில் அது இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து ஆல்டோஸ்டீரோனுக்கும், அதைச் சுரக்கத் தூண்டும் சிறுநீரகப் பொருளான ரெனினுக்கும் உள்ள விகிதம் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சுரந்தால் அறுவை சிகிச்சை, இரு பக்கமும் என்றால் ஸ்பைரனோலாக்டோன் போன்ற மாத்திரை. பொட்டாசியம் மருந்தை நீங்களாக வாங்கிக் குடிக்காதீர்கள், அளவு மீறினால் இதயத் துடிப்பையே தாறுமாறாக்கும்.

கேள்வி: 67 வயது, 15 வருடமாகச் சர்க்கரை. முதுகுவலிக்கு எடுத்த சி.டி. ஸ்கேனில் 1.5 செ.மீ. அட்ரினல் கட்டி, அடர்த்தி 4 என்று இருக்கிறது. இதை எடுத்துவிட்டால் என் சர்க்கரை போய்விடுமா?

பதில்: ஐயா, உங்கள் ஆசை புரிகிறது. ஆனால் அநேகமாகப் போகாது. வேறு காரணத்துக்காக சி.டி. எடுக்கும் பெரியவர்களில் நூற்றில் சுமார் நான்கு பேருக்கு இப்படிக் கட்டி தென்படுகிறது, வயது ஏற ஏற இன்னும் அதிகம். பெரும்பாலானவை எதையும் சுரக்காமல் சும்மா இருப்பவை. அடர்த்தி 10 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகுக்கு மேல் போகாமல், எங்கும் ஒரே சீராக இருந்தால் அது கொழுப்பு நிறைந்த சாதுவான கட்டி. ஃபியோகுரோமோசைட்டோமாவாக இருக்க வாய்ப்பு இல்லையென்றே சொல்லலாம். டெக்ஸாமெத்தசோன் பரிசோதனை மட்டும் அவசியம் செய்துகொள்ளுங்கள். வெளியே எந்த அடையாளமும் காட்டாமல் கார்டிசாலைக் கொஞ்சம் கூடுதலாகச் சுரக்கும் கட்டிகள் இருக்கின்றன. சர்க்கரையையும் பிரஷரையும் அவை மெல்ல ஏற்றிவிடும். பிரஷர் இருந்தால் ஆல்டோஸ்டீரோனும் பாருங்கள். எல்லாம் சரி என்று வந்தால் கட்டியைத் தொட வேண்டாம்.

கேள்வி: என் அக்காவுக்கு ஃபியோகுரோமோசைட்டோமா அறுவை சிகிச்சை நடந்து நலமாக இருக்கிறாள். எனக்குச் சர்க்கரையும் இல்லை, பிரஷரும் இல்லை. நானும் பரிசோதிக்க வேண்டுமா?

பதில்: முதலில் அக்காவுக்கு மரபணுப் பரிசோதனை ஆகட்டும். இந்தக் கட்டி வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோருக்குப் பரம்பரைக் காரணம் இருக்கிறது. ரெட், வி.ஹெச்.எல்., எஸ்.டி.ஹெச்.பி. போன்ற மரபணுக்களில் பிழை இருக்கும். 1886இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் 18 வயதுப் பெண் ஒருத்தியின் இரண்டு அட்ரினல்களிலும் கட்டி இருந்ததை ஃபீலிக்ஸ் ஃப்ராங்கல் எழுதி வைத்தார். நூறு வருடத்துக்கும் மேலான பிறகு, 2007இல், அவள் உறவினர்களின் வழிவந்தவர்களிடம் ரெட் மரபணுப் பிழை இருப்பதைக் கண்டுபிடித்தார்கள்.

அக்காவிடம் ஒரு பிழை தெரிந்தால் உங்களுக்கு அந்த ஒன்றை மட்டும் பார்த்தால் போதும். இல்லையென்று வந்தால் உங்களுக்கு அந்தப் பயம் வேண்டாம். இருக்கிறது என்றால் சர்க்கரையோ தலைவலியோ வரும்வரை காத்திருக்காமல், குறிப்பிட்ட இடைவெளியில் மெட்டாநெஃப்ரின் பார்த்துக்கொண்டே வர வேண்டும். முக்கியமாக, எந்த அறுவை சிகிச்சைக்கு முன்பும், கர்ப்பம் தரிக்கும் முன்பும் பார்த்துவிடுங்கள்.